முதுகில் தட்டினால் வரும் வார்த்தை

எங்கள் கம்பெனிக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. பெங்களூருப் பக்கம் பொம்மசந்திராவில் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு நாள். ஊர் உலகமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, குழம்பு வைத்து, காலை நீட்டிப் படுத்திருக்கும்போது நான் விடியற்காலைப் பூசையை முடித்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி போவேன். வெள்ளிக்கிழமை வீட்டில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். புதுப்படமெல்லாம் வெள்ளிக்கிழமைதான் வருகிறது. அப்படித்தான் இந்தச் சனியன் பிடித்த வேலை என் தலையில் விழுந்தது.

வேலை என்றால் சம்பளம் இல்லாத வேலை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று படத்தை முன்னாடியே பார்த்துச் சொல்வது. ஒரு தடவை ஏதோ படத்துக்குப் போய்விட்டு வந்து, நடுவில் ஒரு பிணம் எழுந்து உட்காருகிறது, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்று மாதா கோயிலில் மகள் படிக்கிற மறைக்கல்வி வகுப்பின் பெற்றோர் வாட்ஸாப் குரூப்பில் வாய்ஸ் போட்டேன். நான் சொன்னதைக் கேட்காமல் போனவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பாத்ரூமுக்குத் தனியாகப் போகவே ஒரு மாதம் ஆயிற்று. அதிலிருந்து வியாழக்கிழமை ஆனால் போதும், அக்கா நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். சென்சார் அக்கா என்று பேரும் வைத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நான் படம் பார்க்கிற விதம் கொஞ்சம் வேறே. ஓரத்து சீட்டாக வாங்கிக்கொண்டு, திரையைப் பாதி, பிள்ளைகளைப் பாதி பார்ப்பேன். பள்ளிக்கூடம் போகாத வாண்டுகளும், வயிற்று வலி என்று மட்டம் போட்ட வாண்டுகளும் எப்படியும் நாலைந்து பேர் வந்திருப்பார்கள். என்னிடம் மூன்று கேள்விகள் இருந்தன. பிள்ளை பயந்து போகுமா? வீட்டில் திருப்பிச் சொல்லக் கூடாத பேச்சு ஏதாவது காதில் விழுமா? இந்த இரண்டையும் யாரும் கேட்பார்கள். மூன்றாவதுதான் என்னுடையது. மறுநாள் செய்து பார்ப்பார்களா? அதற்கு விடை படத்தில் இருக்காது, இடைவேளையில் இருக்கும். பாப்கார்ன் வரிசையில் நின்றபடி பிள்ளைகள் எதை விளையாட ஆரம்பிக்கிறார்களோ, அதுதான் தெருவுக்கு வரும். மூன்றுக்கும் பதில் பார்த்துவிட்டு குரூப்பில் ஒரு வட்டம் போடுவேன். பச்சை என்றால் தாராளமாகப் போகலாம். சிவப்பு என்றால் வேண்டாம்.

என் மகள் திக்கிப் பேசுவாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு எல்லாரும் அதைச் சொல்லித்தான் என் வாயை அடைத்தார்கள்.

திக்குவாய் என்றதும் எல்லோருக்கும் ஒன்றுதான் ஞாபகம் வரும், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது. இவளுடையது அப்படி இல்லை. சத்தமே வராது. பேசிக்கொண்டே வருவாள், ‘ப’வில் தொடங்குகிற வார்த்தை வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். தாடை லேசாக நடுங்கும். கண் தரையைப் பார்க்கும். தெரியாதவர்கள் பிள்ளை மறந்துவிட்டது என்று நினைத்து அவர்களே வார்த்தையை எடுத்துக் கொடுப்பார்கள். அது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஃப்ரேசர் டவுனில் ஒரு ஸ்பீச் டீச்சரிடம் கூட்டிப் போனோம். அந்தம்மா தங்கமானவர். உதட்டை அழுத்தாதே, சூடான பாலை ஊதுகிற மாதிரி மெதுவாகத் தொடங்கு என்று சொல்லிக் கொடுத்தார். எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: அவள் மாட்டிக்கொண்டால் காத்திருங்கள், வேறு ஒன்றும் செய்யாதீர்கள். வீட்டில் நாங்கள் காத்திருக்கப் பழகினோம்.

இந்த வருஷம் அவளுக்குப் புதுநன்மை. எங்கள் மாதா கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் அது. வெள்ளை கவுன், தலையில் வலை, வெள்ளைக் கையுறை, மெழுகுவத்தி, அப்புறம் சொந்தபந்தம் எல்லாருக்கும் பிரியாணி. எங்கள் ஆட்களுக்குக் கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான். அன்றைக்குப் பூசையில் பிள்ளைகளே ஆளுக்கொரு மன்றாட்டு, அதாவது ஒரு வரி வேண்டுதல், வாசிப்பார்கள். அந்த வகுப்புக்கு டீச்சர் என் நாத்தனார், என் வீட்டுக்காரருடைய அக்கா, பக்கத்துத் தெருவில்தான் வீடு. யார் வாசிக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது என் மகள் கையைத் தூக்கியிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமல், யாரும் தள்ளிவிடாமல், அவளாகவே தூக்கியிருக்கிறாள். நாத்தனார் எனக்குப் போன் போட்டு, பார்த்துக்கோம்மா, கடைசியில் கோயிலில் நின்று அழுதுவிடப் போகிறது என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணி என்றேன்.

அவளுக்கு வந்த வரி எது தெரியுமா? “எங்கள் பெற்றோருக்காகவும் பெரியோருக்காகவும் மன்றாடுவோம்.” இரண்டு ‘பெ’. வேறு வரி மாற்றித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். தினம் சாயங்காலம் நான் தோசை ஊற்ற, அவள் அடுப்படி வாசலில் நின்று பாலை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்துக்குவித்துச் சொல்வாள். ஈஸ்டருக்குள் மூன்று தடவைக்கு இரண்டு தடவை நிற்காமல் சொன்னாள். அந்த வரியை முழுசாகச் சொல்லி முடிக்கும்போது அவள் முகம் இருக்கிற இருப்பைப் பார்க்க நான் எத்தனை தோசை வேண்டுமானாலும் கருகவிடுவேன். அவள் அன்றைக்கு மைக் முன்னால் நின்று அதைச் சொல்லிவிட்டால் போதும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு பூசையிலும் வேண்டிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது.

நாங்களெல்லாம் சின்ன வயசில் பார்த்துச் சிரித்த ஒரு பழைய குடும்ப காமெடி. பேர் எதற்கு. ஒரு காம்பவுண்டுக்குள் நாலு குடித்தனம், ஒரே ஒரு தண்ணீர் மோட்டார், அதைப் போட்டு நிறுத்த ஒரு ஆள். அந்த ஆள் திக்குவாய். தொட்டி நிறைந்துவிட்டது என்று சொல்ல ஓடி வருவார், சொல்ல வராது. அவர் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். யாராவது முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால்தான் வார்த்தை வெளியே விழும். என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் அதை அப்படியே செய்து காட்டுவார். எங்கள் நிச்சயதார்த்தத்தில்கூடச் செய்தார், நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மகளுக்கு நாலு வயசில் பேச்சு மாட்ட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அந்தப் படத்தைத்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகத் திரும்ப எடுத்திருந்தார்கள். கோடை லீவில் வந்தது, கன்னடத்தில் தனியாக, தமிழில் தனியாக. குரூப்பில் ஒரே கொண்டாட்டம். புதுநன்மைக்கு முந்தின வாரம் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டிப் போகலாம் என்று நாத்தனாரே திட்டம் போட்டுவிட்டார். சென்சார் அக்கா, நீங்கள் வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு ஒரு பச்சை வட்டம் போட்டுவிடுங்கள் என்றார்கள். பச்சை என்று அவர்களே முடிவு பண்ணியாயிற்று. எனக்கு அந்த மோட்டார் ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஆனாலும் இப்போது காலம் மாறிவிட்டது, அந்த ஆளை எடுத்திருப்பார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன்.

சும்மா சொல்லக் கூடாது, எத்தனையோ எடுத்திருந்தார்கள். பழசில் பீடி குடிக்கிற தாத்தா இருந்தார், அவரைக் காணோம். பெண்டாட்டி மேல் கை ஓங்குகிற காட்சி இல்லை. கறுப்பாக இருக்கிற பெண்ணை வைத்து அடிக்கிற ஜோக்கெல்லாம் போயே போச்சு. காம்பவுண்டு அபார்ட்மெண்ட் ஆகிவிட்டது, தண்ணீர் லாரி வருகிறது, பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். எல்லாம் துடைத்துச் சுத்தம் பண்ணி வைத்திருந்தார்கள். மோட்டார்காரரை மட்டும் விட்டு வைத்ததோடு நிற்கவில்லை, அவரை இன்னும் பெரிசாக்கியிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தாலே பின்னணியில் மோட்டார் இழுத்து இழுத்து ஓடாமல் நிற்கிற சத்தம், கொர்ர், கொர்ர், கொர்ர். முதுகில் தட்டினதும் மோட்டார் ஓட ஆரம்பிக்கிற சத்தம். அரங்கமே அதிர்ந்தது. யாரையும் கிண்டல் பண்ணாத படம் என்று அதற்கு விளம்பரம் வேறு.

இடைவேளையில் நான் கழுகு மாதிரி நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு அக்காவும் தம்பியும், ஐந்தும் மூன்றும் இருக்கும். தம்பி ஐஸ்க்ரீம் கேட்க வாயைத் திறக்கிறது. அக்கா கொர்ர் என்று சத்தம் போட்டபடி அதன் முதுகில் ஒன்று வைக்கிறாள். பெற்றவர்கள் சிரிக்கிறார்கள். நான் திரும்பிப் பார்த்தால் அந்த வரிசையில் இன்னும் இரண்டு இடத்தில் அதே விளையாட்டு. மூன்றாவது கேள்விக்கு இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு தெளிவாக எனக்குப் பதில் கிடைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து சிவப்பு வட்டம் போட்டேன். கூடவே வாய்ஸும் போட்டேன். பயம் ஒன்றும் இல்லை, கெட்ட பேச்சு இல்லை, பெரியவர்கள் போய்ப் பார்க்கலாம், ஆனால் இந்த வயசுப் பிள்ளைகள் திக்கிப் பேசுகிறவர்களை முதுகில் தட்டிப் பார்ப்பார்கள், என் கண்ணால் பார்த்தேன், வேண்டாம் என்றேன். என் மகள் பேச்சை நான் எடுக்கவே இல்லை. பொதுவாகத்தான் சொன்னேன்.

அப்புறம் ஒருத்தர், அக்கா நாமெல்லாம் இதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம், நாம என்ன கெட்டா போயிட்டோம் என்றார். இன்னொருத்தர், டிக்கெட் போட்டாச்சே என்றார். முத்தம் இல்லை, ரத்தம் இல்லை, குடி இல்லை, அப்புறம் எதுக்குச் சிவப்பு என்று ஒரு அப்பா கேட்டார். அதற்கும் நான் பொறுமையாகப் பதில் போட்டேன். கடைசியாக என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெண்ணின் அம்மா வாய்ஸ் அனுப்பினார். ஸ்கூல் டீச்சர், ரொம்ப இனிமையாகப் பேசுவார். அந்த இனிமை குறையாமலே பேசினார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணுக்கு ஒரு பிராப்ளம் இருக்குன்னு எங்க பிள்ளைங்க சிரிக்கவே கூடாதா?”

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அவரவர் பேரோடு. பிணம் எழுந்து உட்கார்ந்தபோது எனக்கு நன்றி சொன்ன அதே பேர்கள். அவர்கள் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் நான் விவரமானவள். என் பிள்ளைக்கு வலிக்கும் என்றபோது மட்டும் நான் சுயநலக்காரி. பதில் போடலாம் என்று போனை எடுத்தேன், வைத்தேன். நாத்தனார் போன் பண்ணி, சும்மா எதுக்கு இதைப் பொதுவில் கிளப்பினாய், என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பீர்களா அண்ணி என்று கேட்டேன். டிக்கெட் போட்டாச்சேம்மா என்றார் அவரும்.

மகளை மட்டுமாவது அனுப்ப வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவி ரிமோட்டை உருட்டிக்கொண்டே, “எல்லாப் பிள்ளைங்களும் போறப்ப இவ மட்டும் போகலைன்னா, அதுதான் இவளைத் தனியாக் காட்டிக் கொடுக்கும்” என்றார். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கண்ணில் இன்னொன்றும் இருந்தது. அந்தப் படம் அவருக்கு இன்னும் பிடித்திருந்தது. வேண்டாம் என்று நான் திட்டவட்டமாகச் சொன்னேன், சரி என்று அவரும் தலையை ஆட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு வேலை. ஓசூர் ரோட்டு டிராபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தால், என் மகள் கையில் பாதி பாப்கார்ன் டப்பாவோடு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வேனில் ஏற, இவளும் நின்றிருக்கிறாள். நாத்தனார் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். இவர், கூட்டிக்கிட்டுப் போங்கக்கா என்றுவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அவரோடு நான் போட்ட சண்டையை இங்கே எழுதப் போவதில்லை. அப்படியொரு சண்டையை அதற்கு முன்னால் நாங்கள் போட்டதில்லை.

படம் எப்படி இருந்தது கண்ணு என்று மகளிடம் கேட்டேன். நல்லா இருந்துச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன் என்றாள். தடங்கல் இல்லாமல் சொன்னாள். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. அவள் பாப்கார்னை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டே இருந்தாள்.

கடைசி வாரம் தினம் சாயங்காலம் கோயிலில் ஒத்திகை. புதன்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அங்கே போனேன். பிள்ளைகள் கையில் ஏற்றாத மெழுகுவத்தியோடு இரண்டு இரண்டு பேராக நின்றார்கள். என் மகள் முறை வந்தது. உதட்டைக் குவித்தாள். எங்கள் என்றாள், நின்றாள். நான் கதவோரம் நின்று காத்திருந்தேன், வீட்டில் காத்திருக்கிற மாதிரியே. பின்னால் நின்ற பெண், ஒரே பெஞ்சில் உட்காரும் அதே பெண், மெழுகுவத்தியால் இவள் முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். எங்கிருந்தோ ஒரு கொர்ர். அப்புறம் எல்லாப் பக்கமும் கொர்ர். நாத்தனார் ஏய், சும்மா இருங்க என்றார், ஆனால் அவர் வாய் ஓரத்திலும் சிரிப்பு இருந்தது. நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு இவள் மேல் உயிர். தட்டினால் வார்த்தை வந்துவிடும், தோழிக்கு உதவி பண்ணுகிறோம் என்றே அவள் நினைத்திருக்கலாம். படத்தில் அப்படித்தானே வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஞாயித்துக்கிழமையிலிருந்து என்றாள். இப்ப என்னை மோட்டார்னுதாம்மா கூப்பிடுறாங்க என்றும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டு நானும் அழுதிருப்பேன். அன்று ராத்திரி தோசை ஊற்றும்போது அவள் அடுப்படி வாசலுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாசிக்க வேண்டாமென்றால் விட்டுவிடலாம் கண்ணு என்றேன். இல்ல, வாசிப்பேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டேன். கோயில் நிறைய மல்லிகையும் சாம்பிராணியும். வெள்ளை கவுனில் அவளைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் எல்லாக் கசப்பும் மறந்துபோனது, உண்மையாகச் சொல்கிறேன். மன்றாட்டு நேரம் வந்தது. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் வாசித்தார்கள், ஒருத்தன் ஒரு வரியையே விழுங்கிவிட்டான், யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு இவள் படியேறினாள். மைக்கை இவள் உயரத்துக்கு இறக்கி வைத்தார்கள்.

எங்கள் என்றாள். உதடு ஒட்டிக்கொண்டது.

அவள் தாடை நடுங்குவது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கண் தரைக்குப் போயிற்று. காத்திருங்கள், காத்திருங்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தேன். அவளால் முடியும். இன்னும் கொஞ்சம் விட்டால் அவளே அதிலிருந்து வெளியே வந்துவிடுவாள், நூறு தடவை பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். அவள் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள்.

பிறகு வெள்ளை உறை போட்ட அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோய், தன் முதுகில் தானே ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணை மேலே உருட்டினாள். “பெ பெ பெ, கொர்ர், பெ பெ, கொர்ர்” என்றாள், மைக்கில், அந்த மோட்டார்காரர் செய்கிறாரே அதே மாதிரி, அச்சு அசலாக. அப்புறம் மீதி வரியைக் கடகடவென்று சொல்லி முடித்தாள்.

பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு பெரியவர்கள். ஃபாதர் உதட்டைக் கடித்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், பிள்ளை சமாளித்துவிட்டாள் என்கிற நிம்மதி அவருக்கு. கோயில் பூராவும் சிரித்தபடியே அந்த மன்றாட்டுக்குப் பதில் சொன்னது. பெற்றோருக்காகவும் பெரியோருக்காகவும்.

வாசலில் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன ஆக்டிங், என்ன தைரியம் என்றார்கள். குரூப்பில் வாய்ஸ் போட்ட அந்த டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பாத்தீங்களா அக்கா, அவளே எவ்வளவு ஸ்போர்ட்டிவா எடுத்துக்கிறா, நீங்கதான் சும்மா பயந்தீங்க என்றார். நான் கையை உருவிக்கொண்டேன். அந்த அளவுக்குத்தான் என்னால் முடிந்தது. பிரியாணிக்கு எல்லாரும் வந்தார்கள், எல்லாருக்கும் நானே பரிமாறினேன். நாத்தனாருக்கு இரண்டு முட்டை வைத்தேன்.

எல்லாரும் போன பிறகு கவுனைக் கழற்றிவிட உட்கார்ந்தேன். முதுகில் வரிசையாகப் பொடிப் பொடி பட்டன்கள். ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே, ஏன் கண்ணு அப்படிப் பண்ணினே, கொஞ்சம் பொறுத்திருந்தா உனக்கே வந்திருக்குமே என்றேன். அவள் திரும்பவில்லை. ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை. மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று புரிந்தது. காத்திருந்தேன்.

“பண்ணிக் காட்டிட்டா, நான் நிஜமா மாட்டிக்கிட்டது யாருக்கும் தெரியாதும்மா” என்றாள்.

அதுதான் அவள் தன்னுடைய பேச்சில் என்னிடம் பேசின கடைசி நீள வாக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கப்புறம் பள்ளிக்கூடம் திறந்தது. வகுப்பில் அவளைக் கேட்காத ஆள் இல்லை, ஒருதடவை மோட்டார் போடு, ஒருதடவை மோட்டார் போடு என்று. அவளும் போடுகிறாள். கடைக்காரரிடம் போடுகிறாள், வேன் டிரைவரிடம் போடுகிறாள். ஸ்பீச் டீச்சர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் எங்கே மாட்டுகிறாள் என்பதே எனக்குக் கேட்க மாட்டேன் என்கிறது, கேட்டால்தானே ஏதாவது செய்ய முடியும் என்றார். அவரும் பாவம், என்ன பண்ணுவார்.

குரூப்பில் நான் இன்னும் இருக்கிறேன். போன வியாழக்கிழமை யாரோ, அக்கா நாளைக்கு ஒரு குழந்தைகள் படம் வருதாம், பாத்துட்டுச் சொல்லுங்களேன் என்று போட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கும். அவ்வளவுதான்.

சாயங்காலத்தில் அவள் மறுபடியும் அடுப்படி வாசலுக்கு வந்து நிற்கிறாள். பசிக்குதும்மா என்று சொல்ல வருகிறாள். ப ப ப, கொர்ர் என்கிறாள், கண்ணை உருட்டுகிறாள், கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகில் தட்டிக்கொள்கிறாள். நான் கரண்டியை வைத்துவிட்டு, பழையபடி காத்திருக்கிறேன். விளையாடுகிறாளா, அந்தச் சத்தத்துக்குள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறாளா என்று அவள் முகத்தையே பார்க்கிறேன். எனக்கும் தெரியவில்லை.